வாவிக்கரையில் எட்டு நாள்: ஒரு வான் பயணத்தின் கணக்கு

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஓய்வு பெற்ற பின்" என்ற தலைப்பில் பேசும்படி கேட்டிருந்தார்கள். தியானத்தைப் பற்றியும் வீட்டுத் தோட்டத்தைப் பற்றியும் மற்றவர்கள் அழகாகப் பேசிவிட்டார்கள். நாங்கள் காசைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். நாங்கள் என்று சொல்வது மரியாதைப் பன்மை அல்ல. இவரும் வந்து பின்வரிசையில் இருக்கிறார். பயணம் இருவருடையது, கணக்குக் கொப்பியில் உள்ள எழுத்தும் இருவருடையது. ஒருமையில் பேசினால் வீட்டுக்குப் போனபின் விசாரணை வரும்.

விஷயம் இதுதான். ஒரு வான் வாங்கி, பின்பக்கத்தில் படுக்கை போட்டு, நினைத்த நேரம் நினைத்த ஊருக்குப் போய் வர வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை. இதில் பெரிய புதுமை ஒன்றுமில்லை. அவுஸ்திரேலியாவில் ஓய்வு பெற்ற தம்பதிகள் வீட்டைப் பூட்டிவிட்டு மாதக்கணக்கில் வண்டியோடு திரிவதை அங்குள்ள நம் தோழியர் சொல்லியிருக்கிறார்கள். நம்முடைய முன்னோருக்கும் இது தெரியாததல்ல. வேளாண்மைக் காலத்தில் சட்டி பானை, பாய், அரிசியோடு வயல் வாடிக்குப் போய்க் கிழமைக்கணக்கில் தங்கியவர்கள் அவர்கள். கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகிறவர்கள் இன்றும் தலைச்சுமையோடுதான் போகிறார்கள். இருந்தாலும் நம் வயதுக்காரருக்குப் பயணம் என்றால் வேறு நினைவு. எங்கள் இளவயது முழுவதும் பயணம் என்பது அடையாள அட்டை, சோதனைச் சாவடி, பையைத் திறந்து காட்டுதல், இருட்டமுன் வீடு சேருதல் என்றுதான் கழிந்தது. படுவான்கரையில் உள்ள சொந்த வயலைப் பார்க்கப் போவதற்கே வவுணதீவில் வரிசையில் நின்றவர்கள் நாங்கள். கால் நடக்கும் வயதில் பாதை பூட்டிக் கிடந்தது. பாதை திறந்தபோது முழங்கால் பூட்டிக்கொண்டது. மிஞ்சி இருக்கிற சில வருடங்களிலாவது திரிய வேண்டும் என்று ஆசைப்பட்டது பிழையாகத் தெரியவில்லை.

ஆசை ஒரு பக்கம், விலை மறுபக்கம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மறுபடியும் வழி விட்டார்கள். இடையில் இந்த நாட்டில் ஓடிய பழைய வான்களுக்கெல்லாம் தங்க விலை வந்துவிட்டது. நாங்கள் போய்ப் பார்த்த டவுண் ஏஸ் வானுக்கு வயது முப்பதுக்கு மேல். கேட்ட விலை நாற்பத்தைந்து இலட்சம். எங்கள் இருவரின் பணிக்கொடையில் கூரை திருத்தியதும் மகளின் கனடாப் பயணத்துக்குக் கொடுத்ததும் போக மிச்சம் பதினெட்டு இலட்சம். மீதி இருபத்தேழு இலட்சத்துக்கு ஒரே வழி, வெல்லாவெளிப் பக்கத்தில் அம்மா சீதனமாகத் தந்த இரண்டு ஏக்கர் வயல். அதை வாங்குவதற்கு ஆளும் இருந்தார்.

வயலை விற்கமுன் ஒரு வெள்ளோட்டம் விட்டுப் பார்ப்போம் என்று முடிவெடுத்தோம். வாடகைக்கு ஒரு வான், எட்டு நாள், ஏழு இரவு. செலவுக்குப் பணம் பன்னிரண்டு மாதச் சீட்டு. மாதம் பத்தாயிரம் கட்டியது, கடைசிச் சீட்டாக எடுத்தால் 120,000 ரூபா. அதற்குமேல் வங்கிப் புத்தகத்தைத் தொடுவதில்லை என்று பேச்சு.

இந்த இடத்தில் நம் மனைப்பொருளியல் வகுப்பை நினைக்காமல் இருக்க முடியாது. வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் என்று எழுதினால் போதாது, "நினைத்தது", "நடந்தது", "ஏன்" என்று மூன்று நிரல் வேண்டும் என்று ஆசிரியை சொல்லித் தந்தார். மூன்றாவது நிரலை நிரப்பாத கொப்பியை அவர் திருத்தவே மாட்டார். இவர் கணக்காளர் வேலை பார்த்தவர். ஆனாலும் இந்த மூன்றாவது நிரலைக் கண்டு கொஞ்சம் அசந்துபோனார் என்பதை இந்த மண்டபத்தில் பதிவு செய்துகொள்கிறோம்.

நினைத்தது என்ற நிரலில் எழுதியவை இவை. வான் வாடகை நாளுக்கு 6,500 வீதம் எட்டு நாளுக்கு 52,000. டீசல் 16,000. படுக்கைப் பலகை முதலிய பொருட்களுக்கு 15,000. சாப்பாடு நாளுக்கு இரண்டாயிரமாக 16,000. இரண்டு இரவு விடுதியில் தங்கிக் குளித்துத் துணி தோய்க்க 10,000. மருந்து, கைச்செலவு 3,000. எதிர்பாராததற்கு 8,000. ஆக மொத்தம் சீட்டுக் காசு சரியாக முடிகிறது. உறவினர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகாமல் வாங்கிப் போவதற்கென்று ஒரு வரி எழுதலாமா என்று பேசினோம். வேண்டாம், வெள்ளோட்டம்தானே, அது தன்பாட்டில் எவ்வளவு வருகிறது என்று பார்ப்போம் என்று வேண்டுமென்றே விட்டோம். அந்த வரியைப் பற்றிப் பிறகு நிறையச் சொல்ல இருக்கிறது.

முதலில் வானுக்குள் செய்த வேலை. வாடகை வாகனத்தில் ஓர் ஆணியும் அடிக்க முடியாது. சொந்த வாகனமானாலும் அமைப்பை மாற்றுவதென்றால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் அனுமதி எடுக்க வேண்டும். ஆகவே மடிந்த ஆசனங்களின் மேல் வைத்து எடுக்கக்கூடிய ஒட்டுப் பலகை இரண்டு, ஆறடிக்கு நாலடி, தச்சுக்கூலியோடு 8,600. மின்னேற்றும் விசிறி 5,200. நுளம்பு வலையும் யன்னலுக்குக் கம்பி வலையும் 1,900. தண்ணீர்க் கான், வாளி 1,250. திரை பழைய நூற்சேலை, அடுப்பு வீட்டிலிருந்தது, மெத்தை பேரப்பிள்ளையுடையது. இன்னும் ஒரு பொருள் பாக்கி. அதுதான் எங்களுக்குப் பெரிய கவலையாக இருந்தது.

இவருக்கு நீரிழிவு. காலையும் மாலையும் இன்சுலின். யூலை மாதம், கச்சான் அடிக்கிற காலம். மத்தியானத்தில் பூட்டிய வானுக்குள் கையை வைக்க முடியாது. பாவிக்கத் தொடங்கிய மருந்தை வெயிலும் முப்பது பாகைக்கு மேற்பட்ட சூடும் படாமல் வைக்க வேண்டும் என்று கிளினிக்கில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். வாகனத்தில் வைக்கும் சிறிய குளிர்ப்பெட்டிக்குக் கடையில் அறுபதாயிரம் கேட்டார்கள், பயணக் காசில் பாதி. கடைசியில் மண் பானைதான் கைகொடுத்தது. பெரிய பானைக்குள் சிறிய பானை, இரண்டுக்கும் நடுவில் மணல், மணலை நனைத்து, மேலே ஈரத்துணி. நீர் ஆவியாகும்போது உள்ளே குளிரும். இரண்டு பானையும் சேர்த்து 450 ரூபா. உள்ளே ஒரு வெப்பமானியையும் வைத்து மூன்று நேரமும் பார்த்து எழுதினோம். எட்டு நாளில் ஒரு தடவையும் முப்பதைத் தாண்டவில்லை. ஆனால் வான் நிழலில் நின்றால்தான் பானை வேலை செய்யும். அதனால் ஒவ்வொரு நாள் மத்தியானமும் எங்கே நிற்பது என்பதைத் தீர்மானித்தது கோயிலோ கடலோ அல்ல, மர நிழல். வாகை மரம் எங்கே, மருதமரம் எங்கே என்று பார்த்தே ஊர் ஊராகப் போனோம். ஆக இந்தப் பகுதிச் செலவு 17,400.

யூலை 6ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டோம். கல்லடிப் பாலத்தால் போனோம். 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலம் பக்கத்திலே நிற்க, 2013இல் திறந்த புதிய பாலத்தால் வாகனம் ஓடுகிறது. நூறு வயதைத் தாண்டியவர்களுக்குப் பக்கத்தில் புதியவர்கள் வந்து பாரத்தை ஏற்றுக்கொள்வது எங்கள் சங்கத்துக்கும் நடந்தால் நல்லது, இது செயற்குழுவுக்குச் சொல்லும் ஒரு வார்த்தை. காத்தான்குடி, ஆரையம்பதி, குருக்கள்மடம், களுவாஞ்சிகுடி என்று எழுவான்கரையால் இறங்கி, பட்டிருப்புப் பாலத்தால் வாவியைக் கடந்து, மண்டூர் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் வெல்லாவெளி, பழுகாமம், அம்பிளாந்துறை வழியாகக் கொக்கட்டிச்சோலை. அடுத்த நாள் வவுணதீவைத் தொட்டு வடக்கே சித்தாண்டி. பிறகு வாகரை, வெருகல், திருகோணமலை, திரும்பும்போது கல்குடா. வாவியின் நீளமே ஐம்பத்தாறு கிலோமீற்றர் என்பார்கள். எங்கள் வண்டி சுற்றியது 462 கிலோமீற்றர்.

டீசலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அந்த மாதம் லீற்றர் 289 ரூபா. 52 லீற்றர் போனது, 15,028 ரூபா. ஒரு லீற்றருக்கு ஏறக்குறைய ஒன்பது கிலோமீற்றர். எரிபொருள்தான் பயணச் செலவின் பூதம் என்று எல்லோரும் வெருட்டினார்கள், அது அடங்கி நடந்தது. ஆனால் 2022ஐ மறக்கக் கூடாது. அந்த வருடம் யூன் கடைசியில் டீசல் லீற்றர் 460 ஆனது. அந்த விலையில் இதே பயணத்துக்கு 23,920 வேண்டும். காசிருந்தாலும் கியூஆர் அட்டைக்கு வானுக்குக் கிழமைக்கு 20 லீற்றர்தான் கிடைத்தது. எங்கள் வானில் 20 லீற்றரோடு 180 கிலோமீற்றர் கூடப் போக முடியாது. மண்டூர் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். சொந்த வான் வாங்குவோர் அந்த வருடத்தையும் கணக்கில் ஓர் ஓரத்தில் எழுதி வைக்க வேண்டும். நிற்கிற வானுக்கும் காப்புறுதி கட்டத்தான் வேண்டும்.

இனி அந்த எழுதாத வரி.

முதலாம் இரவு மண்டூரில் பெரியம்மா வீட்டு வளவில் வானை நிறுத்தினோம். வளவில் நிறுத்தினால் கிணறு உண்டு, மலசலகூடம் உண்டு, வேலி உண்டு. படுவான்கரையில் இரவில் வெட்டையில் வாகனத்தை நிறுத்திப் படுப்பது நடக்காத காரியம், யானை வரும். அந்தப் பக்கத்துச் சனங்கள் யானை வெடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுக்கிறவர்கள். ஆகவே வளவுதான் எங்கள் திட்டம். வளவுக்கு வாடகை இல்லை என்பதும் திட்டம். ஆனால் பெரியம்மாவின் முகம் மாறிவிட்டது. "என்னகா புள்ள, வீட்டுக்குள்ள கட்டில் கிடக்கக்குள்ள வானுக்குள்ள படுக்கிறயா? ஊர் என்னத்தைச் சொல்லும்?" என்றார். இது வெள்ளோட்டம், வானுக்குள் படுத்தால்தான் கணக்குச் சரிவரும் என்று விளக்கினோம். அவருக்கு விளங்கவில்லை. நியாயம் அவர் பக்கம்தான். விருந்தாளி முற்றத்தில் படுப்பது வீட்டுக்காரருக்கு அவமானம். கடைசியில் ஓர் உடன்பாடு வந்தது: படுக்கை வானுக்குள், சாப்பாடு மூன்று நேரமும் வீட்டுக்குள்.

அங்கிருந்து கதை தொடங்கியது. பெரியம்மா வீட்டுக்குப் போனது பழுகாமத்து மச்சாளுக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் வான் ஓடியதைவிட வேகமாகத் தொலைபேசி ஓடியது. ஒரு வீட்டைத் தாண்டிப் போனால் பிறகு நல்லது கெட்டதுக்கு முகத்தில் முழிக்க முடியாது. எட்டு நாளில் பதினொரு வீடு ஏறினோம். பால்மா, பிஸ்கற், அப்பிள், சின்னப் பிள்ளைகளின் கையில் நூறு இருநூறு. வீட்டுக்குச் சராசரி ஆயிரத்து முந்நூறு ரூபா அளவில் 14,200 ஆனது. கோயில்களில் அருச்சனை, தட்சணை, உண்டியல் 3,100. இரண்டும் சேர்ந்து 17,300. டீசலுக்குக் கொடுத்ததைவிடக் கூட. இவர் இந்தத் தொகையைக் கூட்டிப் பார்த்துவிட்டு, "இந்த வான் டீசலில் ஓடவில்லை, பால்மாவில் ஓடுகிறது" என்றார்.

ஆனால் கொப்பியின் மற்றப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். சாப்பாட்டுக்கு 16,000 வைத்திருந்தோம், போனது 9,350. மிச்சம் 6,650. விறகடுப்பில் ஆக்கிய சோறும் வாவி இறால் கறியும் வீடு வீடாகக் கிடைக்கும்போது வானுக்குள் முட்டை பொரிக்க வேண்டிய தேவை என்ன? அதோடு ஒவ்வொரு வீட்டிலும் புறப்படும்போது பின்கதவால் ஏதோ ஒன்றை ஏற்றிவிடுவார்கள். எருமைத் தயிர் முட்டி, கருவாடு, மாங்காய், மரமுந்திரிகை. நாலாம் நாள் எங்களுக்குக் கால் நீட்ட இடமில்லை. இதற்கெல்லாம் விலை போட்டு வரவில் எழுதலாமா என்று இவர் கேட்டார். எழுதவில்லை. எழுதினால் அது கொடுக்கல் வாங்கல் ஆகிவிடும். ஆயினும் வெளிநாட்டிலிருந்து வரும் தோழியருக்குச் சொல்லி வைக்கிறோம்: நம் ஊரில் வான் பயணத்துக்குத் திட்டம் போடும்போது "உறவு" என்று ஒரு வரி போடுங்கள், அதை டீசலுக்கு மேலே போடுங்கள்.

இனிக் கணக்கில் வராத ஓர் இரவைச் சொல்ல வேண்டும். வாகரையில் எங்களுக்கு உறவினர் இல்லை. தெருவோரத்தில் தேநீர்க்கடை நடத்தும் ஒரு பெண்ணிடம் கேட்டோம், வளவில் நிறுத்தச் சொன்னார். கதவைப் பூட்டி, திரையை இழுத்து, விசிறியைப் போட்டுப் படுத்தபின் நித்திரை வரவில்லை. தெருவால் ஒரு வாகனம் வரும். வெளிச்சம் திரையில் விழுந்து ஊர்ந்து போகும். அது போய் முடியும்வரை இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தோம். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. 1990இல் பாடசாலைக் கட்டடத்துச் சீமெந்துத் தரையில் அகதிகளாகப் படுத்தபின், வீட்டுக்கு வெளியே, சுவர் இல்லாத இடத்தில், நாங்கள் படுப்பது அதுதான் முதல் தடவை. அந்தக் காலத்தில் இரவில் வாகன வெளிச்சம் வந்தால் என்ன அர்த்தம் என்று இந்த மண்டபத்தில் உள்ள அநேகருக்குச் சொல்லத் தேவையில்லை. கொஞ்ச நேரத்தால் கண்ணாடியில் தட்டும் சத்தம். அந்தப் பெண்தான். "நித்திரை வரல்ல போல. பயப்படாமப் படுங்க அம்மா. விடியும்வரைக்கும் நான் வெளி லைற்ற நூக்க மாட்டன்" என்றார். வாகரைச் சனம் 2006, 2007இல் பட்டதைப் பட்டவர் அவர். அவருக்கு எங்கள் பயம் கேட்காமலே விளங்கியது. விடியற்காலையில் ரொட்டியும் சம்பலும் தந்தார். தங்கியதற்குக் காசு வாங்கவில்லை, ரொட்டிக்கு மட்டும் 240 ரூபா வாங்கினார்.

அதற்குப் பிறகு மூன்று இரவு வானுக்குள் நித்திரை வந்ததா என்று மகள் ஒவ்வொரு நாளும் ரொறன்ரோவிலிருந்து கேட்டாள். கடைசி இரவு கல்குடாவில் வானுக்குள் நல்ல நித்திரை. எங்கள் பயணத்துக்கு என்ன பலன் என்று யாராவது கேட்டால் அந்த ஓர் இரவை முதலில் சொல்வோம்.

வாகரையிலிருந்து திருகோணமலைக்குக் கடற்கரைத் தெருவால் போனோம். எங்கள் பெற்றோர் காலத்தில் இந்தத் தெருவில் ஆற்றுக்கு ஆறு பாதையில் வண்டியை ஏற்றிக் கடக்க வேண்டும். பாதை என்றால் வாகனத்தை ஏற்றி ஓட்டும் மிதவை என்பதை வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தது, மற்றப் பாலங்களும் வந்தபின் அந்த நெடுங்கதை முடிந்தது. 2014இல் மண்முனைப் பாலம் திறந்ததோடு கொக்கட்டிச்சோலைக்கும் பாதைக்குக் காத்து நிற்கத் தேவையில்லை. காசுக்கணக்கில் பாலங்களுக்கு வரி கிடையாது. அவை மட்டும் இல்லையென்றால் எங்கள் எட்டு நாள் பதினொரு நாளாகி, வாடகையே இருபதாயிரம் கூடியிருக்கும்.

திருகோணமலை சேர்ந்த அன்று எசல பௌர்ணமி விடுமுறை. அறை ஒன்றுக்குப் பதினாலாயிரம் கேட்டார்கள். அங்கே குடியிருக்கும் நம் பாடசாலைத் தோழியின் வளவுக்குப் போய்விட்டோம். அவரும் இவ்விடத்தில் இருக்கிறார், பெயர் சொல்ல வேண்டாம் என்று சைகை காட்டுகிறார். மறுநாள் கூட்டம் கலைந்தபின் 6,500க்கு ஓர் அறை. அந்த அறையில் எங்களுக்கு இனித்தது கட்டில் அல்ல, குளியலறை. பெண்கள் கவனிக்க: வான் பயணத்தில் மிக முக்கியமான வசதி படுக்கை அல்ல. எந்தப் பெற்றோல் செட்டில் மலசலகூடம் சுத்தம், எந்தக் கோயிலில் கேணிக்குப் பக்கத்தில் உடை மாற்ற மறைவு இருக்கிறது என்று ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறோம். கேட்பவர்களுக்குப் படியெடுத்துத் தருவோம்.

ரயர் ஒட்டு 1,500, மருந்து, கைச்செலவு 2,650. எல்லாம் கூட்டினால் 121,728 ரூபா. சீட்டுக் காசைவிட 1,728 அதிகம்.

இனி வாங்குவதா, விடுவதா என்ற கேள்வி. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் ஆறிவிட்டுத்தான் கொப்பியை எடுத்தோம். நாற்பத்தைந்து இலட்சத்தை வங்கியில் வைத்து நூற்றுக்கு எட்டு வட்டி என்று பிடித்தால் வருடத்துக்கு 360,000. காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை, ரயர், பற்றரி, முப்பது வயது இயந்திரத்துக்கு வைத்தியம், எல்லாம் சேர்த்து வருடத்துக்கு ஒன்றரை இலட்சத்துக்குக் குறையாது. ஆக, சக்கரம் உருளமுன்னே 510,000. இதை நாள் வாடகை 6,500ஆல் பிரித்தால் எழுபத்தெட்டு வருகிறது. வருடத்தில் எழுபத்தெட்டு நாளுக்கு மேல் வீட்டை விட்டுத் திரிகிறவருக்குத்தான் சொந்த வான் இலாபம்.

நாங்கள் எத்தனை நாள் போக முடியும்? ஐப்பசியிலிருந்து தைவரை மாரி. வெள்ளம் வந்தால் படுவான்கரைத் தெரு எது, வாவி எது என்று தெரியாது. மாதம் ஒரு கிளினிக். மாமாங்கத் திருவிழா, ஊர்க் கோயில் சடங்கு, கலியாணம், செத்த வீடு. பேரப்பிள்ளைகளின் விடுமுறை. தாராளமாக எண்ணினாலும் முப்பது நாள். முப்பது நாளுக்கு வாடகை 195,000. அதோடு இறக்குமதி திறந்துவிட்ட நேரத்தில் பழைய வானை இந்த விலைக்கு வாங்கினால், விற்கும்போது இதே விலை கிடைக்கும் என்று நம்ப எங்களுக்கு மனமில்லை.

கணக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் இவர் ஒரு கிழமை யோசித்தார். சொந்த வான் என்றால் சொந்த வான்தான், நினைத்தவுடன் ஏறிப் போகலாம், மற்றவருடைய பொருளைக் கீறிவிடுவோமோ என்ற பயமில்லை என்றார். அதில் உண்மை உண்டு. அதை எதிர்த்துச் சொன்னது எண் அல்ல. இரண்டாம் நாள் வெல்லாவெளியில் எங்கள் வயலுக்குப் போயிருந்தோம். நவகிரிக் குளத்துத் தண்ணீரில் சிறுபோகப் பயிர் இடுப்பளவில் நின்றது. குத்தகைக்காரர் வரம்பில் நின்று ஒவ்வொரு வரவையாகக் காட்டினார். எங்கே உவர் ஏறுகிறது, எங்கே யானை மிதித்தது, எங்கே அம்மா காலத்து வாய்க்காலைத் திருப்பியிருக்கிறார்கள் என்று சொன்னார். வாடியில் தேநீர் வைத்துத் தந்தார். விற்கும் எண்ணத்தை அவரிடம் சொல்லவில்லை. திரும்பி வானுக்கு வரும்போது இவர் கேட்டார், "இதை விற்று வாங்கிய வானில் ஏறி இந்தத் தெருவால் போக முடியுமா?" வாங்க வந்தவருக்கு இப்போது இல்லை என்று சொல்லிவிட்டோம்.

மகளுக்கு இந்தத் தீர்மானம் பிடித்தது. பெரியம்மாவுக்கு இன்னும் பிடித்தது. வான் இல்லாவிட்டால் அடுத்த முறை கட்டிலில் படுப்போம் என்று நினைத்துக்கொண்டார். அதுவும் நடக்காது.

இரண்டாவது பயணத்துக்குச் சீட்டுத் தொடங்கிவிட்டோம், அதே மாதம் பத்தாயிரம். மாரி ஓய்ந்து, பெரும்போக அறுவடை முடிந்தபின் தெற்கே பொத்துவில், பானமைப் பக்கம். பொருட்கள் கையில் இருப்பதால் 17,400 மிச்சம். வாடகை 52,000, டீசல் 16,000, உறவு 18,000, சாப்பாடு 10,000, இரண்டு இரவு அறை 10,000, கைச்செலவு 4,000, எதிர்பாராததற்கு 10,000 என்று புதிய நிரல் எழுதியாகிவிட்டது. வாகரைப் பெண்ணின் கடை தெற்கே போகும் வழியில் இல்லை. அவருக்கென்று ஒரு நாள் வடக்கே போய்வரத் தனியாக டீசல் ஒதுக்கியிருக்கிறோம், அதையும் இவர் "உறவு" வரியில்தான் எழுதினார்.

ஒட்டுப் பலகை இரண்டும் எங்கள் வீட்டு விறாந்தையில் சாத்திக் கிடக்கின்றன. பானைகளும் இருக்கின்றன. வெள்ளோட்டம் விட்டுப் பார்க்க நினைக்கும் எந்தப் பழைய மாணவியும் வந்து எடுத்துப் போகலாம். பங்குனிக்கு முன் திருப்பித் தந்தால் போதும்.